ஷூ கவிழ்ந்திருந்தால் ஆள் தூங்குகிறார்

நம் குடியிருப்பில் என் வயதை ஒத்தவர்களுக்கு மட்டும் இதை எழுதுகிறேன். நாற்பதைத் தாண்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறவர்களுக்கு. மூன்றாம் மாடியில் வாடகைக்கு இருக்கும் ஃபேக்டரிப் பெண்களைக் காலி செய்யச் சொல்லி மனு எழுதி, வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள். என் கதவைத் தட்ட வேண்டாம். நான் போட மாட்டேன்.

விடியற்காலையில் வேலையிலிருந்து வந்து பக்கெட்டை உருட்டுகிறார்கள், குக்கர் வைக்கிறார்கள், சிரிக்கிறார்கள் என்று நீங்கள் சொல்வதெல்லாம் உண்மைதான். அவர்கள் இருப்பது நேராக என் தலைக்கு மேல், எனக்குத் தெரியாதா? ஆனால் இன்னொன்றும் சொன்னீர்கள். "லைன் வீட்டில் இருந்தபோது நாமெல்லாம் எவ்வளவு அன்பாக இருந்தோம், இப்போது வருகிறவர்களுக்கு அந்தப் பண்பே இல்லை" என்று. அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. அன்பாவது, மண்ணாங்கட்டியாவது. நானும் லைன் வீட்டில் வளர்ந்தவள்தான். படப்பையில் ஃபிளாட் வாங்கியதும் உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு மறக்கவில்லை.

எங்கள் லைன் வீடு சுங்குவார்சத்திரத்தில் ஹைவேயை விட்டு உள்ளே தள்ளி, ஒரு டீக்கடைக்குப் பின்னால் இருந்தது. கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்த நிலத்தில் வீட்டுக்காரர் வரிசையாக ஒற்றை அறைகள் கட்டி, மேலே சிமெண்ட் ஷீட் போட்டு, கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவில் ஒற்றைக்கல் சுவர். அதுவும் கூரை வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி. பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்முவோம். அது கோடை விடுமுறை. கூரை காலையிலேயே கொதிக்க ஆரம்பித்துவிடும். அம்மா கோணிப்பையை நனைத்து ஷீட்டின் மேல் விரித்துப் போடுவாள். ஈரச் சணல் வாசனை எங்கே வந்தாலும் எனக்கு அந்தக் கோடைதான் ஞாபகம் வரும்.

அப்பாவுக்கு இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனியில் வேலை. பக்கத்து வீட்டு மாமாவுக்கும் அதே கம்பெனி, அதே மிஷின். ஒரு வாரம் அப்பாவுக்குப் பகல், மாமாவுக்கு நைட். அடுத்த வாரம் மாறிவிடும். மிஷினைக் கைமாற்றும்போது மட்டும்தான் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். ஆக, எந்த வாரமானாலும் அந்த ஒற்றைச் சுவருக்கு ஏதாவது ஒரு பக்கத்தில் ஓர் ஆள் பகலில் தூங்கியாக வேண்டும். பிள்ளைகள் நாங்களோ பள்ளிக்கூடம் இல்லாமல் நாள் முழுக்க வீட்டில்.

சண்டையை ஆரம்பித்தது யார் என்று கேட்டால் அம்மா பக்கத்து வீட்டு அத்தையைச் சொல்வாள், அத்தை எங்களைச் சொல்வாள். உண்மையைச் சொல்வதென்றால் என் தம்பிதான். மாமா நைட் முடித்து வந்து படுத்திருந்த ஒரு நாள், அந்தச் சுவரில் ரப்பர் பந்தை அடித்து அடித்துப் பிடித்துக்கொண்டிருந்தான். மாமா கோவைப்பழக் கண்ணோடு வெளியே வந்தார்.

"டேய், மனுஷன் தூங்க வாணாமாடா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவர் அதோடு விட்டார். அத்தை விடவில்லை. அடுத்த வாரம் அப்பாவுக்கு நைட். அப்பா வந்து படுத்த உடனே அந்தப் பக்கம் ரேடியோ அலறியது. அத்தையின் இரண்டு பையன்களும் தாம்பாளத்தைத் தட்டினார்கள். அதற்கு அடுத்த வாரம் அம்மா இரும்பு உலக்கையை எடுத்துச் சுவரோரமாக உட்கார்ந்து மிளகாய் இடித்தாள். ஒரு குடும்பத்துக்கு அத்தனை மிளகாய் தேவையே இல்லை. அதற்கு அடுத்த வாரம் மறுபடி ரேடியோ. இப்படியே வாரத்துக்கு ஒரு வீடு தூங்காமல் கிடந்தது.

வீட்டுக்காரர் மோட்டார் போடத் தினமும் காலையில் மொபெட்டில் வருவார். எந்நேரமும் வெள்ளை வேட்டி. விஷயம் அவர் காதுக்குப் போய், அம்மாவையும் அத்தையையும் குழாயடியில் நிறுத்திப் புத்தி சொன்னார். "ஒண்ணாமண்ணா இருக்கணும்மா. ஒரு தாய் புள்ளைங்க மாதிரி. அன்புன்னு ஒண்ணு இருந்தா இந்தப் பிரச்சினையே வராது." இரண்டு பேரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினார்கள். மொபெட் சத்தம் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ரேடியோ திரும்ப ஆரம்பித்தது.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் காலை, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த அப்பா சாப்பிட உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு கையுறையை எடுத்து அம்மாவிடம் காட்டினார். அதன் ஒரு விரல்நுனி அப்பளமாக நசுங்கியிருந்தது. நின்றபடியே கண் சொக்கியிருக்கிறது. கை மிஷினுக்குள் இருக்கும்போதே காலால் பெடலை மிதித்துவிட்டார். கையுறை தொளதொளப்பாக இருந்ததால் துணி மட்டும் மாட்டியது.

"சூப்பர்வைசர் பாத்துட்டாரு," என்றார் அப்பா. "இன்னொரு வாட்டி கண்ணு சொக்கிச்சின்னா கேட்டுக்கு வெளியதான்னுட்டாரு. பர்மனன்ட் பண்ற நேரத்துல இப்டி ஆயிப்போச்சி."

அம்மா கையுறைக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தாள். "எத்தினி நாளா தூங்கல நீ?"

"பகல்ல சேந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூங்கி மாசம் ஆவுது. அது இன்னா ரேடியோவா, கோயில் கொழாயா?"

எனக்கு அன்றுதான் பயம் வந்தது. அப்பாவின் விரல்களை அவர் பார்க்காத நேரத்தில் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கோடை முடிவதற்குள் பர்மனன்ட் ஆகிறவர்கள் யார் யார் என்று சொல்லிவிடுவார்கள். அதற்குள் இன்னும் சில நைட் வாரங்கள் வரும். அந்த வாரங்களில் அப்பா தூங்க வேண்டும். தூங்காவிட்டால் வேலை போகும், இல்லை விரல் போகும்.

அம்மா அத்தையிடம் போய்க் கெஞ்சுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. கையுறையைச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். அடுத்த திங்கள்கிழமை வந்தது. அது மாமாவுக்கு நைட் வாரம்; பழி தீர்க்கும் முறை எங்களுடையது. தம்பி பந்தை எடுத்தான். அம்மா அதைப் பிடுங்கிப் பரண் மேல் போட்டாள். மிளகாயை ரைஸ் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்தாள். துணியை ஏரிக்கரைப் பம்புக்கு எடுத்துப்போய்த் துவைத்தாள். எங்கள் இரண்டு பேரையும் பஸ் ஸ்டாப் நிழற்குடையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். ஒரு முழு வாரம் எங்கள் வீட்டில் டம்ளர் கூட உருளவில்லை.

எனக்கு ஆறவில்லை. "இன்னாம்மா, அவுங்க மட்டும் நம்மள தூங்க வுட்டாங்களா?"

"அவுங்களுக்காகவாடி பண்றேன்? அடுத்த வாரம் உங்கப்பன் தூங்கணும். மொதல்ல யாராச்சும் ஒருத்தர் வாயப் பொத்தணும் இல்ல."

"அவுங்க பொத்தலன்னா?"

"ஒலக்க எங்கயும் ஓடிப்போவல. இங்கதான் கீது."

இதுதான் என் அம்மா. மன்னிக்கவும் இல்லை, மறக்கவும் இல்லை. ஒரு வாரம் கையை மடக்கி வைத்துக்கொண்டு என்ன நடக்கிறது என்று பார்த்தாள்.

அடுத்த திங்கள் அப்பா வந்தார், கஞ்சி குடித்தார், படுத்தார். அம்மா உலக்கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அந்தப் பக்கம் கரகரவென்று ரேடியோ எழுந்தது. அம்மாவின் கை உலக்கையை இறுக்கியது. இரண்டு வரி பாடியிருக்கும், சத்தம் கொசு ரீங்காரமாகக் குறைந்தது. பிறகு நின்றே போனது. பையன்களில் ஒருவன் ஏதோ சொல்ல, அத்தை "ஷ்ஷ்" என்றாள். அம்மா உலக்கையை மூலையில் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் குறட்டை கிளம்பியது. அதைச் சங்கீதம் என்று சொல்ல மாட்டேன், கரடி உறுமல்தான். ஆனால் எனக்கு அழுகை வந்தது.

அப்பாவுக்கு இதெல்லாம் தெரியாது. "மிஷினாண்ட வெச்சி அவன ஒரு மொற மொறச்சேன். ஆள் அடங்கிட்டான்," என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். "ஆமா ஆமா," என்று அம்மா ரசம் ஊற்றினாள். கடைசி வரை அவர் அப்படித்தான் நம்பினார்.

இதனால் இரண்டு வீடும் உறவாகிவிட்டது என்று நினைத்தால் அது தப்பு. குழாயடியில் அத்தை எங்கள் குடத்தைக் காலால் தள்ளிவிட்டுத் தன் குடத்தை வைத்தாள். என் சடையை எலிவால் என்றாள். அவள் பையன்கள் என் தம்பியின் டவுசரை இழுத்தார்கள். யாரும் யாரிடமும் சமாதானம் பேசவில்லை. அந்த வாரம் நாங்கள் தூங்கினோம், இந்த வாரம் அவர்கள் தூங்குகிறார்கள். அவ்வளவுதான்.

ஷூ விஷயம் இதற்குப் பிறகு வந்தது. கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூ கல் மாதிரி கனக்கும். முன்பக்கம் உள்ளே இரும்பு. எண்ணெய் நாற்றத்துக்காக அதை வாசலிலேயே கழற்றிவிடுவார்கள். தேள் புகுந்துவிடும் என்று மாமா கவிழ்த்து வைப்பார். ஷூ கவிழ்ந்து கிடந்தால் உள்ளே மாமா தூங்குகிறார் என்று நாங்கள் புரிந்துகொண்டோம். எங்கள் அப்பா ஷூவையும் நான் கவிழ்த்து வைக்க ஆரம்பித்தேன். அத்தையின் பையன்களும் புரிந்துகொண்டார்கள். லைனில் நைட் பார்த்த மற்ற வீடுகளும் அதைப் பிடித்துக்கொண்டன. கடைசி அறையில் தையல்கார அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் வீட்டில் ஷிஃப்டும் கிடையாது, ஷூவும் கிடையாது. ஆனால் கைக்குழந்தை உண்டு. குழந்தை தூங்கும்போது தன் ரப்பர் செருப்பைக் கவிழ்த்து வைத்தாள். நாங்கள் சத்தம் போடவில்லை. எங்கள் ஷூ கவிழ்ந்திருக்கும்போது அவள் தையல் மிஷினை மிதிக்கவில்லை. ஒருமுறை குழந்தை விழித்திருக்கும்போதே, டிவி பார்ப்பதற்காகச் செருப்பைக் கவிழ்த்துவிட்டாள். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டோம். அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவள் செருப்பை எங்களில் யாரும் மதிக்கவில்லை. அவளும் திருந்தினாள்.

செருப்பு கவிழ்ந்து கிடந்தால் வீட்டில் சண்டை வரும் என்று நம் எல்லோர் வீட்டிலும் சொல்வார்கள். எங்கள் லைனில் கவிழ்ந்த செருப்புதான் சண்டையை நிறுத்தி வைத்திருந்தது. இது வீட்டுக்காரருக்குத் தெரியாது.

ஒரு நாள் காலை மோட்டார் போட வந்தவர் லைன் முழுக்கக் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்துவிட்டார். இதனால்தான் இங்கே ஓயாமல் சண்டை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு வாசலாகப் போய்க் காலாலேயே எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். நாங்கள் உள்ளே இருந்தோம், எங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கு நைட் வாரம். அப்போதுதான் அசந்திருந்தார்.

சுவரில் பந்து வந்து மோதியது. ரேடியோ முழுச் சத்தத்தில் எழுந்தது. அப்பா பதறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

"பாத்தியாடி, புத்திய காட்டிட்டாங்க," என்று அம்மா உலக்கையை எடுத்துச் சுவரில் ஓங்கி இடித்தாள். அந்தப் பக்கம் ரேடியோ இன்னும் ஏறியது. அவ்வளவு நாள் பொத்திப் பொத்திக் காத்தது ஒரு நிமிடத்தில் போகிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர்களைத் திட்டுவதற்காக வெளியே ஓடினேன். அப்போதுதான் ஷூவைப் பார்த்தேன். நான் கவிழ்த்து வைத்த ஷூ நிமிர்ந்து நின்றது. மற்ற வாசல்களிலும் அப்படியே. தையல்கார அக்காவின் செருப்பும் அப்படியே. குழாயடியில் வீட்டுக்காரர் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா ஷூவ நீங்களா நிமித்துனீங்க?"

"ஆமா பாப்பா. கவுந்து கெடந்தா குடும்பத்துக்கு ஆவாது. பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?"

நான் அவர் முன்னாலேயே குனிந்து ஷூவைக் கவிழ்த்தேன். சிமெண்ட் தரையில் இரும்பு டொக்கென்று இடித்தது. அவர் வந்து காலால் நிமிர்த்தினார். நான் மறுபடி கவிழ்த்தேன்.

"இன்னா பொண்ணு இது, சொன்னா கேக்காதா?"

"எங்கப்பா தூங்குறாரு," என்றேன்.

ரேடியோ நின்றது. அத்தை தன் வாசலில் வந்து நின்று ஷூவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வீட்டுக்காரரின் ஈரக் காலைப் பார்த்தாள். "யாரு நிமித்துனது?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் குனிந்து தனக்கு அந்தப் பக்கத்து வாசலில் நிமிர்ந்து நின்ற ஷூவைக் கவிழ்த்தாள்.

"யம்மா, உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். சண்ட வரும்."

"எங்க சண்ட எங்களுக்குத் தெரியும் சார். நீங்க மோட்டர போடுங்க."

அதற்குள் அம்மா உலக்கையோடு வெளியே வந்துவிட்டாள். அத்தைக்காக எடுத்த உலக்கைதான், ஆனால் வீட்டுக்காரருக்கு அது எப்படித் தெரியும்? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டார் ரூம் பக்கம் நகர்ந்துவிட்டார். அம்மாவும் அத்தையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவில்லை. அத்தை பெரிய பையனின் முதுகில் ஒன்று வைத்தாள். "பந்த எடுத்துகினு ஏரி பக்கம் போடா." அப்பா மறுபடி படுத்தார்.

அதற்கப்புறம் அந்த மனுஷர், தான் புத்தி சொன்னதால்தான் எங்கள் லைன் வீடு அமைதியானது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

விடுமுறை முடியப் போகும்போது கடைசி இடி வந்தது. மாமாவுக்கு ஒரகடத்தில் புதிய கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது. வேலையை விட்டு நின்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்கிறார்கள். அப்பாவுக்கு அது நைட் வாரம். பர்மனன்ட் யார் என்று சொல்வதற்கு முந்தைய வாரம்.

அம்மா இடிந்து போய் உட்கார்ந்தாள். "போறவளுக்கு இன்னாடி? அடுத்த வாரம் அவ புருஷன் இங்க தூங்கப் போறதில்ல. இனிமே நம்மளால அவளுக்கு ஆவ வேண்டியது ஒண்ணுமில்ல."

அவள் சொன்னது சரி. உலக்கை இருந்தும் பயனில்லை, யாரைப் போய் மிரட்டுவது? ஒரு வீட்டைக் கட்டி எடுப்பதென்றால் சும்மாவா? இரும்புக் கட்டிலைக் கழற்ற வேண்டும், அலமாரிப் பலகையைப் பெயர்க்க வேண்டும், பாத்திரங்களை மூட்டை கட்ட வேண்டும். அந்த வாரம் தொடங்கியபோது நான் கையுறையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

திங்கள் போனது, சத்தமில்லை. செவ்வாய் போனது. பொறுக்க முடியாமல் அவர்கள் வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன். அத்தை தரையில் உட்கார்ந்து, பழைய புடவையைக் கிழித்து ஒவ்வொரு டம்ளராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பையன்கள் தட்டுகளை ஒவ்வொன்றாக, முட்டை எடுத்துப் போவதுபோல எடுத்துப் போனார்கள். சாயங்காலம் அப்பா எழுந்து குளிக்கப் போன பிறகுதான் சுத்தியல் சத்தம் கேட்டது. இருட்டி, பிள்ளைகள் நாங்கள் படுப்பதற்குள் என்ன அடிக்க முடியுமோ அடித்துவிட்டு நிறுத்திவிடுவார்கள். வாரம் முழுக்க அப்படித்தான்.

ஞாயிறன்று மினி லாரியில் சாமான் ஏறியது. அம்மா முதல் முறையாக அவளாகவே அத்தையிடம் போனாள்.

"யக்கா, நீதான் போறியே. எதுக்கு இத்தினி பாடு பட்ட?"

அத்தை குடத்தை லாரியில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். "உனுக்காகன்னு நெனச்சுகினியா? ஒரகடத்துலயும் லைன் வூடுதான். அங்கயும் நடுவுல ஒரு செவுரு கீது. இந்தப் பசங்களுக்கு இது வுட்டுப்போச்சின்னா, அங்க போயி மறுபடியும் மொதல்ல இருந்து யாரு ஆரம்பிக்கிறது?"

அவ்வளவுதான். கட்டிப்பிடிக்கவில்லை, கண் கலங்கவில்லை. லாரி போய்விட்டது. அப்பா பர்மனன்ட் ஆனார், பத்து விரலோடு ரிட்டயரும் ஆனார். கையுறை நாங்கள் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது.

அந்த இரண்டு பெண்களையும் நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது. அவர்களை அன்புள்ளவர்கள் என்று சொல்லிச் சின்னவர்களாக்காதீர்கள். ஒருவருக்கு ஒருவரைக் கடைசி வரை பிடிக்கவில்லை. பிடிக்காமலேயே என் அப்பாவைத் தூங்க வைத்தார்கள்.

மூன்றாம் மாடிப் பெண்கள் சிரிக்கிறார்கள் என்று மனு எழுதுகிறீர்களே, அவர்கள் பகலில் படுத்திருக்கும்போது நம் பிள்ளைகள் அவர்கள் கதவில்தானே ஸ்டம்ப் வரைந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள்? உங்களில் ஒருவராவது கேட்டீர்களா? போன வாரம் முழுக்க அவர்கள் தூங்கும் நேரத்தில் நான் மிக்ஸி போடவில்லை. என் பையனைப் பந்தோடு கீழே அனுப்பினேன். அவர்களிடம் சொல்லவில்லை. நேற்று மாடி ஏறிப் போய், வாசலில் கிடந்த ஷூக்களைக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் கதவைத் திறந்துவிட்டாள். ஒடிசாக்காரி, அரைகுறைத் தமிழ். ஷூவைக் காட்டி, கையைக் கன்னத்தில் வைத்துத் தூங்குவது போலச் செய்தேன். அப்புறம் கீழே என் வீட்டைக் காட்டி, அதே போலச் செய்தேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

இன்று விடியற்காலை என் தலைக்கு மேல் பக்கெட் உருளவில்லை. யாரோ அதைத் தூக்கி, மெதுவாக இறக்கி வைத்தார்கள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மனுவைத் தூக்கிக்கொண்டு மேலே போகிறவர்கள் மூன்றாம் மாடியில் முதலில் ஷூவைப் பார்க்கவும். கவிழ்ந்திருந்தால் சத்தம் போடாமல் இறங்கி வந்துவிடவும்.